தை மாதத்து மருந்து வாடை

அந்த வாடை மூக்குக்கு வருவதற்கு முன்னால் கண்ணுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு, கொடைக்கானல் ஏழு ரோட்டுக்குக் கீழே இறக்கத்தில் இருந்த பார்லரின் கதவைத் தள்ளியதுமே கண் கரித்து, பக்கத்தில் யாரோ மிளகாய் வறுத்ததுபோல் தொண்டை கமறி, பையை இறக்கி வைப்பதற்குள் நாலு தும்மலாவது போட்டிருப்பேன். முடியை நேராக்கப் பூசுகிற கிரீமின் வாடை அது. டப்பாவின்மேல் என்னென்னவோ எழுதியிருக்கும். எங்களுக்கு அது வெறும் "மருந்து". அம்மா அங்கேதான் வேலை பார்த்தாள். கடை ஜெயா பெரியம்மாவுடையது. சொந்தம் ஒன்றும் இல்லை, அம்மா அவளை அக்கா என்றதால் எனக்குப் பெரியம்மா.

தை பிறந்துவிட்டால் மேல்மலையில் பூண்டு போடுகிற வீடுகளிலிருந்து கல்யாணப் பெண்கள் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். சுருள் சுருளான நல்ல முடியைக் கொண்டுவந்து, கல்யாண போட்டோவில் அது நேராகத் தொங்க வேண்டும் என்பார்கள். மருந்தைப் பூசி, காயவைத்து, சூடான மெஷினால் இழுக்க இழுக்கப் புகை எழும்பும். குனிந்து நிற்கிற அம்மாவின் முகத்துக்கு நேராகவே எழும்பும். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற மாதம் அது. "குளிர்காத்து பட்டா மருந்து புடிக்காது" என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. ஆகவே இருந்த ஒரே ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய பேப்பரைத் திணித்து, கதவடியில் ஒரு துண்டையும் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வேலையையே தொடங்குவாள்.

அம்மாவுக்கு முதலில் வெறும் இருமல்தான். பிறகு, வீட்டுக்குப் போகிற மேட்டில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். மலையில் இருமலுக்கு ஒரே காரணம்தான் உண்டு, பனி. "ஒனக்குப் பனி ஏறிப்போச்சுடி, காதக் கட்டு" என்று பெரியம்மா தன் சால்வையை அம்மாவுக்குப் போர்த்திவிட்டு, ஜன்னலில் இன்னும் கொஞ்சம் பேப்பரைத் திணிப்பாள். அம்மாமேல் அவளுக்கு அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தில்தான் காற்று வர இருந்த கடைசி இடுக்கும் அடைபட்டது. இதை நினைத்தால் யார்மேல் கோபப்படுவதென்றே இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாடைக்கும் எங்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலத்தைத் தெளித்து மூக்கை மூடிக் கட்டிக்கொண்டால் மருந்து வாடை தெரியாது. வாடை தெரியவில்லை என்றால் கெடுதலும் இல்லை என்று நினைத்தோம், அவ்வளவு வெகுளிகள் நாங்கள்.

டாக்டரும் மார்பில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாள் கீழே போய் இருங்கள் என்றார். அய்யம்பாளையத்தில் மாமா வீட்டுக்கு இறங்கினோம். அங்கே அம்மா இருமாமல் தூங்கினாள். மருதாநதி அணை வரைக்கும் என்னோடு நடந்தே வந்தாள். "பாத்தியா, எல்லாம் பனிதான்" என்றாள், ஜெயித்தவள் மாதிரி. லீவு முடிந்து மேலே ஏறினோம், இருமலும் ஏறியது. வருஷா வருஷம் இதே கதைதான். மலையை விட்டு இறங்கும்போது கடையையும் விட்டுத்தானே இறங்குகிறோம் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

இப்போது அம்மா என்னோடு வத்தலக்குண்டில் இருக்கிறாள். கீழேயும் மூச்சு நேராகவில்லை. போன மாதம் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "என்ன வேல பாத்தீங்கம்மா?" என்று அவர் கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். "சன்னல் தொறந்திருக்குமா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். "நாங்கதான் சார் சாத்தி வைப்போம்" என்றாள். கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தும் அம்மா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஜெயாக்காவுக்கும் இருமல் இருந்துச்சேடி. பேசியே ரொம்ப நாளாச்சு. போன்ல சொன்னா சிரிச்சுட்டு வச்சுருவா. நீ வெள்ளனே கெளம்பிப் போயி நேர்ல சொல்லு. மொதல்ல சன்னலத் தொறக்கச் சொல்லு" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். பார்லர் இருந்த இடத்தில் சாக்லேட் கடை ஒன்று இருந்தது. கண்ணாடிகள் இல்லை, சுழல் நாற்காலி இல்லை, அந்த ஜன்னல் இருந்த சுவரையே எடுத்துவிட்டு ஷட்டர் போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த பெரியம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் மருமகள்தான் திறந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் மாலையோடு பெரியம்மாவின் படம்.

"மார்கழிக் கடைசியிலக்கா. ஒங்கம்மாவுக்கு முடியலன்னாங்க, அதான் சொல்லி விடல" என்றவள், உட்காரச் சொல்லிவிட்டு, "அத்தைக்குப் பனி ஒத்துக்கல" என்றாள்.

கிடைத்த பஸ்ஸில் கீழே இறங்கினேன். பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து எனக்காகக் காத்திருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேம்மா."

"சன்னலத் தொறந்தாளா?"

"தொறந்துட்டாங்கம்மா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அவளாவது பொழச்சுக்கிடட்டும்" என்றாள்.