வாலுள்ள வாடிக்கையாளர்கள்

வளர்ப்புப் பிராணிகளைப் படமெடுக்கும் தொழிலில் "கொஞ்சம் சிரிங்க" என்ற சொல்லுக்கு வேலையே கிடையாது. கைப்பேசியைத் தூக்கியதும் ஓடுகிற பூனையின் வாலை மட்டும் படம்பிடித்து நொந்துபோனவர்களே, நீங்களும் நம்ம கட்சிதான். மலேசியாவின் ஜொகூரில் வீடு வீடாகப் போய் இதையே பிழைப்பாகச் செய்பவள் நான். தோற்ற கதைகள் ஏராளம். ஜெயித்ததை மட்டும் சொல்கிறேன்.

கரி மூட்டை

தெப்ராவில் சாந்தி அக்கா வளர்க்கும் மணி, நகம் வரைக்கும் கருப்பு நாய். "எத்தனை படம் எடுத்தாலும் சோபாவுல கரி மூட்டை வச்ச மாதிரியே வருதும்மா" என்றார். பிளாஷ் போட்டால் இரண்டு பச்சைக் கண்கள் மட்டும் பேய் மாதிரி மின்னும்.

பிளாஷை அணைத்தேன். மணியை வாசல் நிழலில், வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார வைத்தேன். சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, அவன் கண்ணுக்கு நேராக கேமராவைப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா, மயக்கமா?" என்றார். அந்தக் குரலுக்கு மணி காதைத் தூக்கினான், பட்டனை அழுத்திவிட்டேன். மீசை முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அக்கா படத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அலமாக்! இவனுக்கு மூக்கு இவ்வளவு அழகா? ஆறு வருஷமா தெரியாம போச்சே லா!"

பத்தாவது ஆள்

உலு திராமில் தீபாவளிக் குடும்பப் படம். புதுத்துணியில் ஒன்பது பேர் தயார். பூனை அலமாரி உச்சியில். ஆளுக்கொரு குரலில் கூப்பிடக் கூப்பிட அது இன்னும் உள்ளே தள்ளிப் போனது.

"யாரும் கூப்பிடாதீங்க. அது இருக்கிறதையே மறந்துட்டு முறுக்கு சாப்பிடுங்க" என்றேன். நடுவில் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்தேன். பத்தே நிமிடம். மகாராணி இறங்கி வந்து பெட்டிக்குள் உட்கார்ந்து நேராக கேமராவைப் பார்த்தாள். ஒரே கிளிக், அதோடு ஓடிவிட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வீட்டுக்காரர் கண்ணை மூடியிருக்கிறார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மனைவி அசரவில்லை.

"பூனை கண்ணைத் திறந்திருக்குல்ல? அது போதும். இவர் மூஞ்சிய தினமும்தான் பார்க்கிறோமே!"

ராஜா

யோங் பெங்கில் ராஜா என்ற பதினான்கு வயது நாய். இன்னும் சில வாரம்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அந்த வீட்டு மகள் கவிதா, ஒருநாள் விடுப்பில் வந்து என்னை அழைத்திருந்தாள். கடைசியாக ஒரு நல்ல படம் வேண்டும். ஆனால் ராஜா தரையோடு கிடந்தான். பொம்மையை அழுத்திச் சத்தம் கொடுத்தேன், பிஸ்கட் காட்டினேன். தலையே தூக்கவில்லை. கவிதா அழ ஆரம்பித்துவிட்டாள்.

கவிதாவின் அப்பா வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நாய்க்குப் பக்கத்துல எல்லாம் நான் நிக்க மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லியிருந்தவர். மகளின் அழுகை கேட்டு உள்ளே வந்தார். மெதுவாக மண்டியிட்டு, "என்னடா ராஜா, என்கூடயும் கோவமா?" என்று கையை நீட்டினார். ராஜா தலையைத் தூக்கி, அந்த உள்ளங்கையில் தாடையை வைத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த அந்தப் பார்வை எனக்குக் கிடைத்தது. படத்தை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"சட்டை கசங்கியிருக்கு. பரவால்லம்மா, பெருசா போட்டுக் குடுங்க, ஹால்ல மாட்டணும்."

இத்தனை வருஷத்தில் "என்னைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டுங்க" என்று கேட்காத வாடிக்கையாளர்கள் நாலு காலில் வந்தவர்கள் மட்டும்தான்.