மைனஸ் பதினெட்டில் சாம்பல் நிறக் கையுறை

காக்களூர் தொழிற்பேட்டையில் உறைந்த மீனும் பட்டாணியும் வைக்கிற குளிர்கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. மைனஸ் பதினெட்டு டிகிரி அறைக்குள் போய், ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் செல்போனில் பதிய வேண்டும். கம்பெனி கொடுத்த தடித்த கையுறையோடு தொட்டால் திரை அசையாது. கழற்றினால் விரல் மரத்துவிடும். அதனால் ஆன்லைனில் தேடி, தொடுதிரைக்கென்றே செய்த கையுறை ஒன்று வாங்கினேன். சாம்பல் நிறக் கம்பளி, மணிக்கட்டில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள். உண்மையைச் சொன்னால், அழகுக்காகவும்தான்.

என்னோடு பெட்டி அடுக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஊட்டிக்கு ஷூட்டிங் போறியா?" என்று சிரித்தார்.

அந்த வாரமே ஒரு மதியம், நாங்கள் இருவரும் உள்ளே இருக்கும்போது கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு. அழுத்தினேன். அசையவில்லை. அதைச் சுற்றிப் பனி இறுகியிருந்தது. அக்கா தோளால் இடித்தார், காலால் உதைத்தார். அவ்வளவு தடிமனான கதவுக்கு வெளியே எங்கள் சத்தம் போயிருக்காது.

"போன் போடு, சீக்கிரம்!"

திரையில் பனி படர்ந்திருந்தது. துடைத்துவிட்டுத் தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பதற்றத்தில் கையுறையைக் கழற்றி வெறும் விரலால் அழுத்தினேன். விரல் மரக்கட்டை போல இருந்தது. திரும்ப மாட்டிக்கொண்டு மூன்றாவது முறை தொட்டபோதுதான் எண்கள் விழுந்தன.

சூப்பர்வைசர் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம். அடுத்து கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு அடித்தேன்.

"யாரு?"

"அண்ணே, ரூம் உள்ள மாட்டிக்கினோம், கதவு தொறக்கல..."

"ஹலோ? இன்னா சொல்றே? கேக்கல..."

இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு சிக்னலே வரவில்லை. சற்று நேரத்தில் பேட்டரியும் செத்துப்போனது. அவருக்குக் கேட்டதா, இல்லையா? அந்தக் கேள்விதான் குளிரைவிட மோசமாக இருந்தது.

அக்கா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். "ஒரு மாதிரி தூக்கம் வருதும்மா."

"தூங்காதக்கா! எந்திரி, நடக்கலாம்." அவர் கையைப் பிடித்து இழுத்து, அடுக்குகளுக்கு நடுவே நடக்கவைத்தேன். என் மகள் பள்ளியிலிருந்து வந்து பூட்டிய வீட்டு வாசலில் நிற்பது போல் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அழக்கூட பயமாயிருந்தது, கண்ணீர் இமையிலேயே உறைந்துவிடுமோ என்று.

எவ்வளவு நேரம் நடந்தோம், தெரியாது. திடீரென்று கதவில் இரும்பு மோதும் சத்தம். பிறகு ஒரு கோடு வெளிச்சம். செக்யூரிட்டி கடப்பாரையோடு நின்றிருந்தார்.

"உள்ளன்னு ஒரு வார்த்தைதாம்மா காதுல வுயுந்துச்சு. எந்த ரூம்னு தெரியல. மூணு கதவையும் பாத்துக்கினு வரேன்," என்றார்.

வெளியே வெயிலில் அக்கா தரையில் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினார். மறுநாளே அந்தக் குமிழை மாற்றினார்கள். அக்கா பேக்கிங் பக்கம் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. தினமும் உள்ளே போகிறேன். ஆனால் வீட்டில் குளிக்கும்போதுகூட இன்னும் தாழ்ப்பாள் போடுவதில்லை. மகள் காரணம் கேட்டாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னேன்.