கப்டன், இண்டைக்கு எந்தக் கப்பல்?

போன மாரியில், கனடாவின் மிசிசாகா நகரில் ஒரு வெயர்ஹவுஸில் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. படிப்பைப் பாதியில் விட்டவன் நான். வாய் மட்டும் முழுநேர வேலை பார்க்கும்.

எங்களோடு சோமாலியாக்காரர் ஒருவர் வேலை செய்தார். நாற்பது வயதிருக்கும். சோற்றோடு வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிடுவார். புட்டோடு பழம் பிசைகிற நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். போதாததற்கு, அவருடைய ஊர்க் கடலில் கொள்ளைக்காரர் கப்பல் பிடிக்கிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அவருக்குக் 'கப்டன்' என்று பட்டமும் வைத்தேன். "கப்டன், இண்டைக்கு எந்தக் கப்பல்?" என்று தினமும் கேட்பேன். அவரும் சிரிப்பார்.

அன்று மதியம் அவர் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை. போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். நான் வழக்கம்போலக் கப்பலைக் கேட்டேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற யாழ்ப்பாணத்து அண்ணை மேசைக்குக் கீழே என் காலில் ஓர் உதை விட்டார்.

"வாயைப் பொத்தடா. அந்தாளின்ர ஊர்ச் சந்தையில குண்டு வெடிச்சிருக்கு. தங்கச்சி அங்க மரக்கறி விக்கிறவ. போன் எடுக்கிறா இல்லையாம்."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழும்பினேன்.

வேலை நேரத்தில் அங்கே போன் கூடாது. அதனால் அவரைப் போனோடு பெட்டிகளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு அவருடைய வேலையையும் நானே செய்தேன். சூப்பர்வைசர் அவரைத் தேடி வந்தபோது, இடுப்புப் பிடித்துவிட்டது என்று தரையில் விழுந்து கத்தினேன். அந்த மனுஷன் பயந்துபோய் ஒரு படிவத்தை நீட்டினார். என் முழுப்பெயரை எழுதவே பத்து நிமிஷம் எடுத்தேன்.

மூன்று மணிபோல சோமாலியாக்காரரின் போன் அடித்தது. தங்கச்சிதான்! அன்று சந்தைக்குப் போகாமல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்திருக்கிறது. ஏன் இத்தனை தரம் அடித்தாய் என்று அவள் ஏசிய ஏச்சு, பாஷை தெரியாத எங்களுக்கே விளங்கியது. அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களிடம் பொறுக்கிய ஒரே தமிழ்ச் சொல்லால் கூப்பிட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் கேட்டார்.

"தம்பி, நீ கனடாவுக்கு எதில வந்தனி?"

"கப்பலில," என்றேன். சின்ன வயதில், அகதிகளோடு அகதியாக, அம்மாவின் மடியில்.

"நான் பிளேனில வந்தனான். அப்ப ஆர் கப்டன்?"

அண்ணை சிரித்த சிரிப்பில் ஃபோர்க்லிஃப்ட்டே குலுங்கியது.

அந்தக் கப்பலில் அம்மா எதற்கெல்லாம் பயந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். இன்றும் நான் ஆரையும் நக்கலடிக்காமல் விடுவதில்லை, ஆனால் முதலில் "வீட்டில எல்லாரும் சுகமோ?" என்று கேட்டு, "ஓம்" என்று பதில் வரும்வரை காத்திருக்க என் வாய் பழகிவிட்டது.