பென்சிலில் சுருட்டிய குழாய்கள்

மே மாதக் கடைசி வாரத்தைக் கண்டுபிடித்தவன் நாலு வயதுப் பிள்ளையோடு ஒரு நாள்கூட இருந்து பார்த்திருக்க மாட்டான். சபையில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து, பஞ்சு ஒட்டிய காகித ஆடு ஒன்றோடு மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. எனக்கோ ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. காலையில் வந்து பையை இறக்கி வைப்பதற்குள், “அம்மா, இன்னைக்கு என்ன செய்வோம்?” என்பாள்.

செல்போனில் வீடியோ பார்த்தேன். வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வீட்டில் கலர் கலராகக் கம்பளிப் பந்தும் ஒட்டுகிற பொம்மைக் கண்ணும் இருந்தன. எங்கள் வீட்டில் இருந்தது காகிதம்தான். சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், காலண்டர் ஓரம் வெட்டிய கழிவுத் தாளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டிருந்தார். கப்பல் செய்தோம், ஐந்து நிமிடம். வெண்டைக்காயை வெட்டிச் சாயத்தில் முக்கிப் பூ அச்சு வைத்தோம், பத்து நிமிடம். சுவரைத் துடைக்க அரை மணி நேரம் ஆனது.

மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. தரையில் படுத்தபடியே ஒரு தாளை எடுத்துப் பென்சிலில் சுற்றி, உள்ளங்கையால் உருட்டி, ஓரத்தில் பசை தடவி உருவினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. சாத்தூரில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து வெடிக்குக் குழாய் சுருட்டிய கை அது. இந்த வேலை உன்னோடு முடியணும் என்று சொல்லித்தான் அம்மா என்னை நர்சிங் படிக்க வைத்தாள்.

மகளுக்குப் பிடித்துப்போனது. குழாய்களைக் கோத்து மாலை போட்டாள், ரயில் விட்டாள். நான் கண்ணை மூடினேன். இரண்டு மதியம் நிம்மதியாகத் தூங்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் விழித்தபோது, பட்டாசு கம்பெனியில் வேலை விட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார். “சிஸ்டர், ஒங்க புள்ளைக்குக் கை எம்புட்டு வேகமா ஓடுது பாருங்க! சீசன் நேரம், என்கூட அனுப்பி விடுங்க.”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் மாலையும் இல்லை, ரயிலும் இல்லை. சுவரோரம் ஒரே அளவுக் குழாய்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மகள் தலை நிமிராமல் அடுத்ததைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அத்தனையையும் அள்ளிக் குப்பையில் போட்டேன். பசைக் கிண்ணத்தைப் பிடுங்கினேன். அக்கா திகைத்துப்போய்க் கிளம்பிவிட்டார். மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

“அம்புட்டு பிடிச்சிருக்கா ஒனக்கு இது?” என்று கத்தினேன்.

“பிடிக்கல. கை வலிக்குது. நான் சுருட்டுனாத்தான நீ தூங்குவ?”

வறுமையால் சுருட்டினோம் என்றுதான் இத்தனை காலமும் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் நான் குழாய் சுருட்டுகிற பலகை முன்னால் உட்கார்ந்தால்தான் அம்மா கொஞ்ச நேரம் முதுகைச் சாய்ப்பாள். அதற்காகத்தான் உட்கார்ந்தேன், யாரும் சொல்லி இல்லை.

ஒரு வாளித் தண்ணீரும் பழைய பெயிண்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு அவளை மாடிக்குக் கூட்டிப் போனேன். தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தரையில் யானை வரைந்தாள். வால் போடுவதற்குள் தும்பிக்கை காய்ந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, மறுபடி வரைந்தாள். நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ படுத்துக்கோம்மா.”

கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போனது.

“தூக்கம் வரலத்தா,” என்று பொய் சொன்னேன்.