ருக்குமணி பிடித்த சுக்கான்

ருக்குமணி சும்மா இருக்கத் தெரியாத பெண்பிள்ளை. பினாங்கில், பாயான் லெப்பாஸில் கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இயந்திரங்களோடு மல்லுக்கு நின்றவள். ஆட்குறைப்பில் வெளியே அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற ஆளா அவள்? சுற்றுலாப் பாய்ப்படகு வைத்திருக்கும் ஹாரிஸ் சமைக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, மறுநாளே கரண்டியோடு ஏறிவிட்டாள்.

மூன்று வருஷம் ஓடிற்று. படகு சாய்கிற பக்கம் தானும் சாய்ந்துகொண்டு மீன்குழம்பு வைப்பாள். நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். பாத்திரம் கழுவக் கடல் தண்ணீர்தான். வேலை முடிந்ததும் மேலே வந்து, படகோட்ட உதவும் ஹைக்கல் கயிறு இழுப்பதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். அவன் காப்பி குடிக்கப் போகும்போதெல்லாம் சுக்கான் இவள் கையில்.

போன மாதம் ஹைக்கல் பெரிய கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

"அந்த வேலைய எனக்குக் குடுங்க தம்பி" என்று கேட்டாள்.

ஹாரிஸ் சிரித்துவிட்டார். "அக்கா, அது ஆம்பள வேல லா. உங்களுக்கு எதுக்கு?"

நல்ல மனுஷன்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. விடுவாளா? நச்சரித்து நச்சரித்து அவரை வழிக்குக் கொண்டுவந்தாள். "சரி, இந்த லங்காவிப் பயணம் பாப்போம். சரியா வரலன்னா அங்க குவா துறையில வேற ஆள ஏத்திக்குவேன்" என்றார்.

சுற்றுலாக்காரர்கள் லங்காவியில்தான் ஏறுவார்கள்; படகில் இவர்கள் இருவர்தான். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. பினாங்கிலிருந்து புறப்பட்டு மாலையில் பீடான் தீவருகே நங்கூரம் போட்டார்கள். மறுநாள் காலை, வழக்கம்போல ருக்குமணி படகின் முகப்பில் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தாள். ஹாரிஸ் தன் பங்குக்கு பிஸ்மில்லா சொல்லி என்ஜினைக் கிளப்பினார். தேங்காய் வந்த சிவப்புப் பிளாஸ்டிக் பை காற்றில் பறந்து கடலில் விழுந்தது. ஐயோ என்று கை நீட்டினாள், எட்டவில்லை. கிளம்புகிற அவசரத்தில் ஹாரிஸிடம் சொல்லவுமில்லை.

நங்கூரம் ஏறியதும் சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு ஹாரிஸ் முகம் கழுவக் கீழே போனார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, என்ஜின் சத்தம் மாறிற்று. என்ஜினைக் குளிரவைத்துப் பின்பக்கக் குழாயில் களக் களக்கென்று கொட்ட வேண்டிய கடல் தண்ணீரைக் காணோம். வறட்டுப் புகைதான் வந்தது. எச்சரிக்கை மணி இன்னும் அடிக்கவில்லை. தொழிற்சாலையிலும் இப்படித்தான், விளக்கு எரியும் முன்பே இயந்திரத்துக்கு நோவு என்று இவள் காது சொல்லிவிடும். பட்டென்று என்ஜினை நிறுத்தினாள். நீரோட்டம் படகைத் தீவுப் பாறைப் பக்கம் தள்ளத் தொடங்கியது. ஹாரிஸைக் கூப்பிட நேரமில்லை. கயிற்றை இழுத்து முன்பாயை விரித்து, சுக்கானைத் திருப்பினாள். படகு பாறையைவிட்டு விலகியது.

"ஏன் என்ஜின நிறுத்துனீங்க?" என்று கத்திக்கொண்டே ஹாரிஸ் ஓடிவந்தார். அவள் குழாயைக் காட்டினாள். மனுஷன் விறுவிறுவென்று கீழே இறங்கினார். திரும்பி வந்தபோது கையில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள்.

"அலாமக்! பை உள்ள போய், தண்ணி இழுக்குற பம்புல ரப்பர் பிஞ்சிருச்சு. மாத்த வேற ரப்பரும் இல்ல. எந்தப் புண்ணியவான் கடல்ல பைய வீசினானோ!"

ருக்குமணி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். கடல் முழுக்கப் பைதான், சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால் ஆசைப்பட்ட வேலை போச்சு.

"புண்ணியவான் இல்ல தம்பி, நான்தான். தேங்கா கொண்டுவந்த பை. பறந்துருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கணும் லா!"

"தப்புதான்."

ஹாரிஸ் அந்தத் துண்டுகளைச் சட்டைப்பையில் திணித்தார். "நீங்க நிறுத்தாம இருந்தா என்ஜினே போயிருக்கும். சரி, பாயிலயே போவோம். நான் பாயப் பாத்துக்குறேன், நீங்க சுக்கான விடாதீங்க."

விடவில்லை. வடகிழக்குக் காற்றில் வலைமிதவைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டினாள். அடுப்புப் பற்றவைக்க யாருக்கு நேரம்? ரொட்டியும் பழைய சம்பலும்தான். நண்பகலில் காற்றுச் செத்து, ஒரு மணி நேரம் படகு அசையவே இல்லை. தோள் கடுத்தது, கண் எரிந்தது. பிறகு மேற்கிலிருந்து காற்று வந்தது; ஹப்பா, என்ன ஓட்டம்!

குவா துறையில் இருபது முப்பது படகுகள் நின்றன. நங்கூரத்தோடு முகப்பில் நின்ற ஹாரிஸ் ஓர் இடத்தைக் காட்டினார். நெருங்கும்போது குறுக்கே ஒரு ஃபெர்ரி வந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. விலகி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தாள். சரியான இடத்தில் காற்றுக்கு நேராகத் திருப்பினாள். பாய் படபடத்தது, படகு நின்றது.

"போடுங்க தம்பி!"

நங்கூரம் இறங்கிப் பிடித்துக்கொண்டது. பக்கத்துப் படகில் யாரோ கைதட்டினார்கள். வியர்வையோடு வந்த ஹாரிஸ், "ஹைக்கல்கூட என்ஜின் இல்லாம இப்படி வந்ததில்ல, அக்கா. அவன் வேல உங்களுக்குத்தான்" என்றார்.

நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று ருக்குமணி நினைத்ததே இல்லை. சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஹாரிஸ் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?"

"சமையல்காரியக் கேளுங்க" என்றாள் ருக்குமணி. "இந்தப் படகுல அப்படி யாரும் இப்ப இல்ல லா."