வலது கைக்கு மட்டும் வரும் மீன்

மாமாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் துண்டாகிப்போன வருடம் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாதவர் என்பதால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை. விடியற்காலையில் மத்தூர் ரோட்டுக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவார். ஒரு நாள் சாயங்காலம் பஸ் வந்தது, மாமா வரவில்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவர் இறங்கி எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா செருப்பைக்கூடப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மாமா வீட்டுக்கு வந்தபோது கையில் பெரிய கட்டு இருந்தது. கட்டு பிரித்த பிறகு அந்தக் கையின்மேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். சாப்பாடு இடது கையில். அதைப் பார்க்க அம்மாவுக்குப் பிடிக்காமல் ஸ்பூன் வாங்கி வந்தாள். மாமா அந்த ஸ்பூனைத் தொடவே இல்லை. காலையில் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது மட்டும் எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

அடிபடுவதற்கு முந்தின மாதம்தான் மாமாவுக்குக் காவேரிப்பட்டினத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பூ வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பெண் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு வரவில்லை. அந்த ஆப்பிளைத் தின்றவள் நான்தான், வேறு யாரும் தொடவில்லை.

அந்தச் சமயத்தில் மாமாவோடு வேலை செய்த ஆனேக்கல்காரப் பையன் ஒருவன் பைக்கில் வந்தான். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவான். மாமாவின் போனை வாங்கி ஒரு கேமை ஏற்றிக் கொடுத்தான். "வலது கையிலயே ஆடுங்கண்ணா. ஆட ஆட கை சரி ஆகுத்தே," என்றான். ரப்பர் பந்தைப் பிசையச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள், மாமா அதை மூலையில் போட்டிருந்தார். கேம் அப்படிக் கிடக்கவில்லை.

அது விவசாயக் கேம். ஒரு குடிசை, கொஞ்சம் நிலம், ஒரு மாடு, பக்கத்தில் ஆறு. விதைத்துத் தண்ணீர் ஊற்றினால் நாலைந்து நாளில் முட்டைக்கோஸ் வந்துவிடும். அந்த ஊர் ஒரு நாள் என்பது நமக்குக் கால் மணி நேரம். வெயிலில் தக்காளிக்கு மருந்தடித்துவிட்டு வந்த அப்பா பின்னால் நின்று பார்ப்பார். குடிசைக்குள் இருக்கும் டிவியில் நாளைக்கு மழை என்று சொன்னால் அங்கே மறுநாள் மழை கட்டாயம் வரும். "சொன்ன மாதிரியே பெய்யுதே, இது எந்த ஊரு?" என்று அப்பா கேட்டார். அடிபட்ட பிறகு மாமா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். கேம் ஆடும்போது மட்டும் துண்டை எடுத்துவிடுவார். கடைசி இரண்டு விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கட்டைவிரலால் ஆடுவார். மோதிர விரல் பாதிதான் மடங்கும். அதனால் போன் வழுக்கி வழுக்கி விழும். ஒவ்வொரு தடவையும் நான் எடுத்து அதே இடுக்கில் வைப்பேன். முதலில் அந்தக் கையைத் தொடப் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆற்றில் மீன் பிடிக்கலாம். திரையை அழுத்தினால் தூண்டில் நரம்பு இறுகும், விட்டால் தளரும். ரொம்ப இறுகினால் அறுந்துபோகும், ரொம்பத் தளர்ந்தால் மீன் கழன்றுவிடும். குளக்கரையில் ஒரு கொட்டகை, அதற்குள் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொரு ஜாதி மீனுக்கும் ஒரு தொட்டி. மாமா கொஞ்சம் கொஞ்சமாக எல்லாத் தொட்டியையும் நிரப்பிவிட்டார், ஒன்றைத் தவிர. அந்தத் தொட்டிக்கு உரிய மீனின் இங்கிலீஷ் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. கறுப்பாக மீசையோடு இருந்ததால் மாமா அதற்குக் கருங்கெளுத்தி என்று பெயர் வைத்தார். மரங்களில் இலை சிவக்கும் சீசனில், மழை பெய்கிற நாளில், மத்தியானத்துக்குள், இடிந்த பாலத்துக்கு அடியில் மட்டும்தான் அது வரும். அந்த நாளிலும் தூண்டிலில் எல்லாம் வரும், அது வராது. வந்தாலும் பேய் பிடித்த மாதிரி ஓடும்.

சீசன் வந்தால் டிவியில் மழை சொல்கிறானா என்று தினமும் பார்ப்போம். மழை என்றால் எனக்குக் கை கால் ஓடாது. மாமா பாலத்தடியில் போய் நிற்பார். கருங்கெளுத்தி மாட்டும், கட்டைவிரல் நடுங்க ஆரம்பிக்கும், நரம்பு அறும். சில சமயம் போனே விழுந்துவிடும். சீசன் போய்ப் பனி விழும். மறுபடி உழுது, விதைத்து, மாட்டுக்குப் புல் போட்டு, அடுத்த இலை சிவக்கிற சீசனுக்காகக் காத்துக்கொண்டிருப்போம்.

ஒரு தடவை நரம்பு அறுந்தபோது மாமா போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் பிடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அப்படியென்றால் இடது கையால் பிடிக்கலாமே, அந்தக் கை நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

"இடது கைக்கு அது வராது பாப்பா," என்றார்.

அதையும் கேமில் உள்ள விதி என்றே நான் எடுத்துக்கொண்டேன். சிவந்த இலை, மழை, மத்தியானத்துக்குள், பாலத்தடி, வலது கை. பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் அப்படித்தான் விளக்கினேன். போனுக்கு எந்தக் கை என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். அந்த மீனுக்குத் தெரியும் என்றேன்.

கம்பெனியில் அவரிடம் ஒன்று சொல்லியிருந்தார்களாம். கை ஆறட்டும், வேலை செய்கிற பதம் வந்ததும் வாருங்கள், வேறு லைனில் போட முடியுமா பார்க்கலாம் என்று. அம்மா அதைப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. அதற்கும் மீனுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாம்பழம் முடிந்து ஊரே காய்ந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் அப்பாவும் போச்சம்பள்ளி சந்தைக்குப் போயிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது, போனுக்குள் மழை. பாலத்தடியில் தூண்டில் போட்டதும் மாட்டியது. அது ஓடிய விதத்திலேயே எது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. மாமாவின் கட்டைவிரல் நடுங்கியது, ஆனாலும் அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்தியது, விட வேண்டிய நேரத்தில் விட்டது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை திரையில் விழுந்தது, நான் என் பாவாடை நுனியால் துடைத்தேன். மீன் ஒருமுறை ஆற்றின் அடிவரைக்கும் போய்விட்டது. அறுந்துவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மீசையோடு அது திரை முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தது.

நான் குதித்தேன். மாமா குதிக்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடங்காத மோதிர விரலை இடது கையால் நீவிக்கொடுத்தார். தொட்டியில் போடுங்கள் மாமா என்று நான் அவசரப்படுத்தினேன். இருக்கட்டும், கம்பெனிக்குப் போய்விட்டு வந்து போடலாம் என்று மீனைக் குடிசைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வலது கையாலேயே முகச்சவரம் செய்துகொண்டார். தாடையில் ஒரு வெட்டு. ரத்தத்தை ஒற்றிக்கொண்டே, நாளைக்குக் கம்பெனிவரை கூட வர முடியுமா என்று அப்பாவைக் கேட்டார். அம்மா கம்பெனிச் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டாள். இஸ்திரி போடும்போது மெதுவாக ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அடிபட்ட நாளிலிருந்து அம்மா வாயில் பாட்டு வந்ததில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர்கள் திரும்பியிருந்தார்கள். மாமா உள்ளே சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தார். சமையலறையில் அப்பா தணிந்த குரலில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

ஆபீசில் மரியாதையாகத்தான் பேசினார்களாம். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்களாம். ஆனால் எந்த லைனிலும் இரண்டு கையும் வேகமாக ஓட வேண்டும், தவிர இவர் காண்ட்ராக்ட் ஆள், அதனால் காண்ட்ராக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றார்களாம். காண்ட்ராக்டர் ஏற்கெனவே அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டாராம். மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். சின்ன வேலை எதுவானாலும் இந்தக் கையால் செய்ய முடியும் சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அப்பா குரலை இன்னும் தணித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"போன வெளிய எடுத்துட்டான். பாருங்க சார்னு அவங்க முன்னால அந்த மீனு புடிக்கிற ஆட்டத்த ஆடிக் காட்டறான். அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க. எனக்கு எங்க போய் மூஞ்சிய வெச்சிக்கறதுன்னு தெரியல."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. உள்ளே போய்க் கேட்டேன்.

"என்ன மீனுப்பா மாட்டுச்சு?"

அப்பா என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஒண்ணும் மாட்டல பாப்பா. கை நடுங்குச்சு," என்றார்.

அடுத்த நாள் நான் கேட்காமலே மாமா போனை என்னிடம் நீட்டினார். நீயே போட்டுவிடு என்றார். குளக்கரைக் கொட்டகைக்குப் போய், கடைசித் தொட்டியில் கருங்கெளுத்தியை விட்டேன். உடனே மேளச் சத்தம், வாணவேடிக்கை. அந்த ஊர் ஜனம் எல்லாம் கொட்டகை வாசலில் கூடிக் கைதட்டியது. நான் கத்திக்கொண்டே போனை மாமாவின் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அவர் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார். அம்மா வேகமாக வந்து போனைப் பிடுங்கி, சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனாள். இவ்வளவு நாள் பாடுபட்டு ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, இவர்களுக்கு என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்து என்ன மாமா பிடிப்பது என்று கேட்டேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்றார்.

கொஞ்ச நாளில் அவருக்கு அத்திப்பள்ளியில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கர்நாடக பார்டரைத் தாண்டினதும் வரும் ஊர். தங்க இடமும் அங்கேயே. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, கஷ்டம் இல்லை என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். அப்போது மாமாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

புறப்பட்ட அன்று அம்மாவும் நானும் மத்தூர் பஸ் ஸ்டாண்டுவரை போனோம். லீவு விட்டால் நானும் அத்திப்பள்ளிக்கு வருகிறேன் என்றேன். வா என்றார். கிருஷ்ணகிரி பஸ் வந்தது. பையை இடது கையில் எடுத்துக்கொண்டு ஏறி, எங்கள் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டார். வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பஸ் நகர்ந்ததும் நான் கூடவே ஓடிக் கையாட்டினேன். மாமா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பஸ் திரும்புகிறவரை ஆட்டினேன். அவர் திருப்பி ஆட்டவே இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் டாட்டா காட்டுகிறார்கள், மாமா எனக்குக் காட்டவில்லை என்று. அவன் கையில் பை இருந்ததல்லவா என்றாள் அம்மா.

"இன்னொரு கை சும்மாதானே இருந்துச்சு," என்றேன்.

அம்மா எனக்கு எட்டாத வேகத்தில் முன்னால் நடந்தாள். நான் சொன்னதில் நியாயம் இருப்பதால்தான் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று எண்ணிக்கொண்டு, பின்னால் ஓடினேன்.