ஒரு மிடறும் குடிக்காமல் முரிவாய் வரை

வைன் தோட்டம் சுற்றிக்காட்டுகிற வேலைக்கு முதல் தகுதி நாக்கு என்பார்கள். என் நாக்கோ அப்போது என் ஏழு மாத மகளுக்குச் சொந்தமாயிருந்தது. நான் எதை விழுங்கினாலும் அது பாலாகி அவளிடம் போய்விடும் என்று நடுக்கம். பால் கொடுத்துக்கொண்டே வேலைக்கு ஓடின சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும்.

வாளி

எங்கள் சுற்றுலா வேன் ஹெண்டர்சனில் தொடங்கி, குமெயூ திராட்சைத் தோட்டங்களில் நின்று நின்று, முரிவாய்க் கடற்கரையில் முடியும். சொந்தக்காரரும் சாரதியும் கிரகாம். நான் வழிகாட்டி, ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம். பிள்ளை பால் குடிக்கிறாள், நான் வைன் குடிக்க மாட்டேன் என்று முதல் நாளே சொன்னேன். விழுங்கத் தேவையில்லையாம், வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு அதற்கென்று வைத்திருக்கிற வாளிக்குள் துப்பினால் போதுமாம். கன்னியாஸ்திரிகளிடம் பதினொரு வருடம் படித்தவள் நான். பூசையில் குருவானவர் பீடத்தில் உயர்த்துகிற வைனை வாளிக்குள் துப்புவதா? அதோடு, தொண்டைக்குள் ஒரு துளி இறங்காதென்று யார் பொறுப்பு? முடியாது என்றேன். கிரகாம் சொன்னார்: "மாதம் முடியிறதுக்குள்ள ருசி பார்க்கப் பழகு. இல்லாட்டி நான் வேற ஆளைப் பார்க்கிறன்."

சிலுவை அடையாளம்

ஒரு நாள் வேனில் ஜப்பானியப் பெண்கள் ஐந்து பேர். தோட்டக்காரர் கிளாஸை உயர்த்தியதுதான் தாமதம், பூசைப் பழக்கத்தில் என் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஐந்து பேரும் என்னைப் பார்த்துப் பார்த்து நெற்றி, மார்பு, தோள் என்று தொடுகிறார்கள். இந்த நாட்டில் வைன் குடிக்கிற முறை அதுவென்று நினைத்திருக்கிறார்கள்! கிரகாம் என்னை முறைத்த முறைப்பில் மாதம் அன்றைக்கே முடிந்துவிடும் போலிருந்தது. மூத்த பெண்மணி வெகு பணிவாகக் கேட்டார்: "இப்ப துப்பலாமா?"

ஊது பாப்பம்

ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் கீரைக்குக் குனிந்தவளை லின்ஃபீல்டில் இருக்கிற ரெஜினா அன்ரி பிடித்துக்கொண்டார். கோயிலில் பாடற்குழு நடத்துகிறவர். "குடிகாரரை ஏத்திற வேனில போறியாம்? பால்குடிப் பிள்ளையை வைச்சுக்கொண்டு! எங்க, ஊது பாப்பம்." சனத்துக்கு நடுவில், பொலிஸ்காரன் கேட்டதுபோல! ஊதினேனே, அந்த வெட்கக்கேட்டை என்னவென்பது! அன்ரி திருப்தியாகி, குரலைத் தாழ்த்தினார்: "ஓம், ஒண்டும் இல்லை. பிள்ளை, எங்கட அவருக்கு நெஞ்சுச்சளி. சிவப்பு வைன் மருந்தாம், ஒரு போத்தல் மலிவா எடுக்கலாமோ?"

நனைந்த பெட்டி

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. பென்ரோஸில் கிடங்கு வைத்திருக்கும் கனவான் ஒருவர், தனக்குத் தெரியாத வைனே இல்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் கிரகாம் என் கையில் கிளாஸைத் தந்தார். "இண்டைக்குக் குடிச்சுக் காட்டு." மகளின் முகம்தான் முன்னால் வந்தது. கனவானோ அதே போத்தலில் இரண்டு கிளாஸை முடித்துவிட்டு, என்ன ஆழம், என்ன முதிர்ச்சி என்று புகழ்ந்துகொண்டிருந்தார். நான் மூக்குவரை கொண்டுபோனேன். மாதம் முழுக்க மணந்து மட்டுமே பழகின மூக்கு. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த காட்போட் பெட்டி மணம்.

"இது பழுதாப் போச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தோட்டக்காரர் மட்டும் சிரிக்காமல் வாங்கி மணந்தார். பிறகு முழுப் போத்தலையும் வாளிக்குள் கவிழ்த்தார். போத்தலை மூடின தக்கையில் பிழையாம், அதில் வைனும் கெட்டுவிட்டதாம். கிரகாம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "திங்கட்கிழமை வா. மணந்தாப் போதும்" என்றார். கனவான் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அப்ப எனக்கு என்ன வழி?"

அதற்குப் பிறகு எத்தனையோ போத்தல் விற்றுக் கொடுத்தும், வைன் என்ன ருசி என்று எனக்கும் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது.